அகலக் கால் வைக்கலாமா? மலை முழுக்க ஓடும் ஒரே ஜோடி ஸ்கீயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டொரன்டோவோ, சூரிக்கோ, ஓஸ்லோவோ... குளிர்காலம் நெருங்கினால் ஸ்கீ கடைகளின் சுவர் நிறைந்துவிடும். வரிசையாகச் சாய்த்துவைத்த ஸ்கீக்களில் பலவற்றின் மேல் ஒரே வார்த்தைதான் இருக்கும்: 'ஆல் மவுன்டன்'. அதாவது, மலையின் எந்தப் பக்கத்துக்கும் தோதானது!

கையில் எடுத்துப் பார்த்தால் குழப்பம் ஆரம்பிக்கும். இடுப்பு 86 மி.மீ இருக்கிற ஸ்கீயும் ஆல் மவுன்டன்தான், 104 மி.மீ இருக்கிறதும் ஆல் மவுன்டன்தான். ஒன்று இரும்புப் பலகை போல விறைப்பாக நிற்கும். இன்னொன்று கையால் அழுத்தினாலே வளையும். விலையோ, வட அமெரிக்கச் சந்தையில் பைண்டிங் சேர்க்காமலே பெரும்பாலும் 700 முதல் 900 அமெரிக்க டாலர். தப்பா வாங்கினால் பணம் மட்டும் போகாது. அந்த சீசன் முழுக்க தொடையும் முழங்காலும் சேர்ந்து தண்டம் கட்டும்.

முதல் முறை பனியில் இறங்கப்போகிறவர்களுக்கானது அல்ல இந்தக் கட்டுரை. அவர்கள் நிம்மதியாக வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். செங்குத்தான கறுப்புப் பாதையில் பயமில்லாமல் இறங்குகிறீர்களா? இரண்டு ஸ்கீயையும் பக்கவாட்டில் சாய்த்து, சறுக்கல் இல்லாமல் கோடு கிழித்தது போல வளைக்க வருகிறதா? பாதையை விட்டு வெளியே இருக்கும் ஆழமான பனியிலும் கை வைக்க ஆரம்பித்துவிட்டீர்களா? அப்போ வாங்க, இது உங்களுக்குத்தான்.

'எல்லாத்துக்கும் நல்லது' என்று ஒன்று இருக்கா?

கனடாவின் விஸ்லர் பிளாக்கோம் மலையையே எடுத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து அடிவாரம் வரை சுமார் 1,600 மீட்டர் இறக்கம். காலையில் மேலே லிஃப்ட்டில் ஏறினால் முழங்கால் வரைக்கும் புதுப்பனி, பவுடர். பத்து மணிக்கெல்லாம் நூறு பேர் அதன் மேல் ஓடி, கட்டிகட்டியாகக் குழப்பியிருப்பார்கள். நடுமலையில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய அகலமான பாதை. அதற்குப் பக்கத்திலேயே மோகல் எனப்படும் பனி மேடுகள். மாலையில் கீழே இறங்கும்போது, பசிபிக் கடல் காற்றில் நனைந்து ஈரமாகிப்போன கனமான பனி. ஒரே நாள், ஒரே மலை, ஐந்து விதமான தரை!

ஆழமான பவுடருக்கு அகலமான, மிருதுவான ஸ்கீ வேண்டும். கெட்டிப் பனிக்குக் குறுகலான, விறைப்பான ஸ்கீ வேண்டும். மோகலுக்குச் சட்டென்று திரும்புகிற ஸ்கீ வேண்டும். வேகத்துக்குக் கனமான, நீளமான ஸ்கீ வேண்டும். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆல் மவுன்டன் ஸ்கீ என்பது இந்த நாலு பேருக்கும் நடுவே நடக்கிற பஞ்சாயத்து. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிற பொருள் அது. எந்தக் கால் ஆழமாக ஊன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மட்டும்தான் உங்கள் வேலை.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 1980-களில் எல்லோரிடமும் இருந்தது ஒரே மாதிரி: இரண்டு மீட்டர் நீளம், விரல் அகலத்தில் கம்பி போன்ற ஸ்கீ. 1993-ல் ஸ்லோவேனியாவின் ஈலான் நிறுவனம், நடுவில் நன்றாக ஒடுங்கி இரு முனையிலும் விரிந்த எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீயைக் கொண்டுவந்தது. சாய்த்தாலே தானாக வளையும் ஸ்கீக்களின் காலம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. அடுத்த திருப்பம் 2002-ல். ஷேன் மெக்கான்கி என்ற சாகச வீரரின் யோசனையில் வோலன்ட் நிறுவனம் 'ஸ்பேச்சுலா' என்ற ஸ்கீயை வெளியிட்டது. தோசைக்கரண்டி என்று பெயர் வைத்ததற்கு ஏற்ப, இரு முனையும் மேல் நோக்கி வளைந்த அகலப் பலகை அது. பவுடரில் மூழ்காமல் மிதந்தது. இன்று கடையில் இருக்கிற ஆல் மவுன்டன் ஸ்கீக்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டு யோசனைகளின் வாரிசுகள்தான்.

முதல் எண்: இடுப்பு

ஸ்கீயின் மேல் 134-96-119 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். முன்பக்கம், நடுப்பகுதி, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். நடுவில் இருப்பதுதான் இடுப்பு. எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்துவிடுங்க.

ஏன் இதற்கு இவ்வளவு மரியாதை? ஸ்கீ பூட்டின் முன்பக்க அடிப்பகுதி சுமார் 70 மி.மீ அகலம். ஸ்கீயின் இடுப்பும் அதே அளவு இருந்தால், பனியை வெட்டும் எட்ஜ் நேராக உங்கள் பாதத்துக்குக் கீழே இருக்கும். இடுப்பு 100 மி.மீ ஆனால் எட்ஜ், பூட்டைத் தாண்டி வெளியே போய்விடும். 80 மி.மீ ஸ்கீயில் நடுக்கோட்டிலிருந்து எட்ஜுக்கு 40 மி.மீ. 100 மி.மீ ஸ்கீயில் 50 மி.மீ. அதாவது, நெம்புகோல் கால் பங்கு நீண்டுவிட்டது. கெட்டிப் பனியில் ஸ்கீயைச் சாய்த்துப் பிடித்து வைக்க, அந்தக் கூடுதல் முறுக்கு விசையைக் கொடுக்க வேண்டியது உங்கள் கணுக்காலும் முழங்காலும்தான். நாள் முழுக்க!

பவுடரில் கதை தலைகீழ். அங்கே அகலம் என்றால் மிதவை. குறுகிய ஸ்கீ மூழ்கும், முன்முனை புதையும், தொடை எரியும்.

தோராயமான கணக்கு இதுதான்:

80 - 88 மி.மீ: பெரும்பாலும் சமப்படுத்திய பாதை, கெட்டிப் பனி. ஓரத்தில் கொஞ்சம் புதுப்பனி வந்தால் சமாளிக்கும்.

89 - 99 மி.மீ: நிஜமான நடுநிலை. பாதையிலும் நன்றாக ஓடும், கணுக்கால் அளவுப் புதுப்பனியிலும் மிதக்கும். வோல்க்லின் மான்ட்ரா, நார்டிகாவின் என்ஃபோர்சர் 94 எல்லாம் மோதிக்கொள்ளும் களம் இதுதான்.

100 - 108 மி.மீ: பவுடர் பக்கம் சாய்வு. பாதையில் ஓட்டலாம், ஆனால் உழைக்க வேண்டும்.

110-க்கு மேல்: பவுடருக்கே உரியது. இதை ஆல் மவுன்டன் என்று யாராவது விற்றால், அவருடைய மலையில் தினமும் பனி கொட்டுகிறது என்று அர்த்தம்.

'அகலக் கால் வைக்காதே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது கடன் விஷயத்துக்கு. ஸ்கீ கடையிலும் அது அப்படியே பொருந்தும்.

உங்கள் மலை எது?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்கீ வாங்கும்போது மனசுக்குள் ஓடுவது யூட்யூபில் பார்த்த அலாஸ்கா. சனிக்கிழமை போவதோ வீட்டுக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற குன்று!

மூன்று மலைகளை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஒன்டாரியோவின் புளூ மவுன்டன். டொரன்டோ பக்கம் இருக்கிற நம்மவர்களுக்குப் பழக்கமான இடம். உயர வித்தியாசம் சுமார் 220 மீட்டர்தான். செயற்கைப் பனியும், உருகி மறுபடி உறைந்த பனியும் சேர்ந்து தரை கெட்டியாக இருக்கும். அங்கே 104 மி.மீ ஸ்கீ எடுத்துப் போவது, சிட்டி டிராஃபிக்கில் டிராக்டர் ஓட்டுவது மாதிரி. ஓடும், ஆனா எதுக்கு? 80 முதல் 88 வரை போதும். அதையும் நன்றாகச் சாணை பிடித்து வைத்திருங்க.

இரண்டாவது, ஆல்ப்ஸ். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு ஸ்கீயிங் பள்ளி முகாமிலேயே அறிமுகமாகிவிடும். அங்கே நீளமான, நன்றாகச் சமப்படுத்திய பாதைகள்தான் அன்றாடம். பனி பெய்த மறுநாள் மட்டும் பாதைக்கு வெளியே ஆசை வரும். 85 முதல் 95 வரை உள்ள ஸ்கீ அந்த வாழ்க்கைக்குச் சரி. விஸ்லர் மாதிரி பனி அதிகம் விழும் மேற்குக் கனடா மலைகளுக்கு, இதில் கொஞ்சம் கூட்டி 95 முதல் 102.

மூன்றாவது, நம்ம நாட்டின் குல்மார்க். காஷ்மீரில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் ஊர். அங்கிருந்து கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் வரை அஃபர்வாட் மலை மேல் கொண்டுபோய் விடும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஸ்கீ ஓட்டிய ஆரிஃப் கான் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்தான். உலகம் முழுவதிலுமிருந்து தேர்ந்தவர்கள் குல்மார்க் வருவது பாதைக்காக அல்ல. மேல் பகுதியில் பரந்துகிடக்கும் சமப்படுத்தாத இயற்கைப் பனிக்காக. அங்கே 105-ம் அதற்கு மேலும் நியாயமான அளவு.

ஒரே ஆள், ஒரே திறமை, மூன்று மலைக்கு மூன்று பதில். அதனால் கடைக்காரரிடம் "பெஸ்ட் ஸ்கீ எது?" என்று கேட்காதீங்க. "இந்த மலைக்கு எது?" என்று கேளுங்க.

வில்லா, தோணியா?

இடுப்புக்கு அடுத்து பக்கவாட்டுத் தோற்றம். ஸ்கீயைச் சமதரையில் வைத்துக் குனிந்து பாருங்க. நடுப்பகுதி தரையைத் தொடாமல் வில் போல மேலே எழும்பி நின்றால் அது கேம்பர். நீங்கள் ஏறி நின்றதும் அந்த வில் தட்டையாகி, எட்ஜ் முழு நீளத்துக்கும் பனியைக் கவ்வும். வளைவை முடித்து எழும்போது ஒரு துள்ளல் கிடைக்குமே, அதுவும் கேம்பர் தருவதுதான்.

முனைகள் தோணியின் மூக்கு போல முன்கூட்டியே மேலே தூக்கிக்கொண்டால் அது ராக்கர். பவுடரில் முன்முனை புதையாது. திருப்புவதும் எளிது. ஆனால் கெட்டிப் பனியில் அந்தத் தூக்கிய பகுதி தரையைத் தொடாது, அதனால் பிடிப்புக் கொடுக்காது.

இன்றைய ஆல் மவுன்டன் ஸ்கீக்களில் பொதுவாக இரண்டும் உண்டு: நடுவில் கேம்பர், முன்னால் ராக்கர், பின்னால் கொஞ்சமோ நிறையவோ ராக்கர். பார்க்க வேண்டியது அளவைத்தான். வால் கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தால், வளைவின் முடிவு வரை பிடித்துத் தள்ளும். ஆனால் தப்பு செய்தால் மன்னிக்காது. வால் தூக்கியிருந்தால், மரங்களுக்கு நடுவிலும் மோகலிலும் சுலபமாக வழுக்கித் திருப்பலாம். ஆனால் பாதையில் வேகமாகப் போகும்போது வளைவின் கடைசியில் நழுவுவது போலத் தோன்றும்.

இரண்டு ஸ்கீக்களின் அடிப்பக்கத்தையும் சேர்த்துவைத்து, நடுவில் அழுத்திப் பிடியுங்க. முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அவை பிரிகின்றன என்று பார்த்தாலே ராக்கர் எவ்வளவு என்பது புரிந்துவிடும். கடையில் பத்து நொடி வேலை.

வளைவு எவ்வளவு பெரிசு?

ஸ்கீயின் மேல் பொடி எழுத்தில் 'ஆர்' என்று போட்டு 16 மீ, 18 மீ என்று எழுதியிருக்கும். ஸ்கீயின் பக்க வளைவை அப்படியே நீட்டி ஒரு வட்டமாக்கினால் கிடைக்கும் ஆரம் அது. ஸ்லாலம் பந்தய ஸ்கீயில் இது 12 - 13 மீட்டர், சட்டுசட்டென்று வெட்டும். உலகக் கோப்பையில் ஆண்களுக்கான ஜெயன்ட் ஸ்லாலம் ஸ்கீயில் 30 மீட்டர், பெரிய பெரிய வீச்சு. ஆல் மவுன்டன் ஸ்கீக்கள் பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டருக்குள் இருக்கும்.

குறுகலான, கூட்டமான சரிவில் ஓட்டுபவர் 17-க்குக் கீழே போகலாம். திறந்த மலையில் வேகமாக ஓட்டுபவருக்கு 18-க்கு மேல் சுகம். ரொம்பச் சிறிய ஆரம் உள்ள ஸ்கீ, குழம்பிய பனியில் தானாகக் கொக்கி போட்டு இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்க. சில நிறுவனங்கள் ஒரே ஸ்கீயில் பல ஆரங்களைக் கலக்கின்றன. வோல்க்ல் மான்ட்ராவில் முன், நடு, பின் மூன்றுக்கும் வெவ்வேறு ஆரம். கொஞ்சம் சாய்த்தால் பெரிய வளைவு, நிறையச் சாய்த்தால் சின்ன வளைவு.

உலோகமா, லேசா?

பெரும்பாலான நல்ல ஸ்கீக்களின் உள்ளே மரம்தான். அதன் மேலும் கீழும் என்ன வைக்கிறார்கள் என்பதில்தான் குணம் மாறும். டைட்டனல் என்ற பெயரை அடிக்கடி பார்ப்பீர்கள். பெயரில் டைட்டன் இருந்தாலும் அது அலுமினியக் கலவைத் தகடு. ஆஸ்திரியாவில் தயாராகிறது. இதை வைத்த ஸ்கீ, குழம்பிய பனியில் மோதும்போது வருகிற அதிர்வை விழுங்கிவிடும். என்ஃபோர்சர் வரிசை பேர் வாங்கியது இப்படி இரண்டு உலோகத் தகடுகளை வைத்துத்தான். இன்னொரு பக்கம், ஹெட் நிறுவனத்தின் கோர் வரிசை பேர் வாங்கியது உலோகமே இல்லாமல், லேசாக இருந்ததால்தான்.

வித்தியாசம் என்ன என்று கேட்டால், நெடுஞ்சாலையை நினைச்சுப் பாருங்க. எதிரே லாரி கடக்கும்போது நூறு சிசி பைக் ஆடும். புல்லட் ஆடாது. ஆனால் சந்துக்குள் திருப்பும்போது எது வசதி? லேசான ஸ்கீ மோகலிலும் மரங்களுக்கு நடுவிலும் கால் சொன்னதைக் கேட்கும். தோளில் தூக்கி மேலே நடக்கவும் எளிது. கனமான ஸ்கீ வேகத்தில் அமைதியாக இருக்கும், ஆனால் மதியம் மூன்று மணிக்கு உங்களிடம் கூலி கேட்கும். ஆல் மவுன்டன் ஸ்கீக்களில் ஒரு ஸ்கீயின் எடை பொதுவாக 1.6 முதல் 2.2 கிலோ வரை போகும்.

விறைப்பில் இரண்டு வகை உண்டு என்பதையும் தெரிஞ்சுக்கோங்க. நீளவாக்கில் வளைவது ஒன்று. ஈரத்துணியைப் பிழிவது போல முறுகுவது இன்னொன்று. முறுகாத ஸ்கீதான் கெட்டிப் பனியில் பிடிக்கும். நீளவாக்கில் கொஞ்சம் வளையும், ஆனால் முறுகாது என்ற கலவை பலருக்கும் ஒத்துவரும்.

இங்கே கொஞ்சம் நேர்மையும் வேணும். 60 கிலோ எடையுள்ளவர், 90 கிலோ பந்தய வீரர் புகழ்ந்த ஸ்கீயை வாங்கினால் அது வளையவே வளையாது. ஸ்கீ வளைந்தால்தான் வேலை செய்யும். திறமை, வேகம், எடை மூன்றும் சேர்ந்து அதை வளைக்கும் அளவுக்கு மட்டும் விறைப்பு போதும். பெண்களுக்கான மாடல்களும் இதே கணக்குதான். நார்டிகாவின் சான்டா ஆனா வரிசை, என்ஃபோர்சருக்கு அந்த நிறுவனமே வைத்திருக்கும் பெண்கள் ஜோடி. நல்ல உயரமும் வேகமும் உள்ள பெண் எந்த வரிசையிலிருந்தும் எடுக்கலாம். மேலே இருக்கும் லேபிளை விட உங்கள் எடையும் உயரமும்தான் முக்கியம்.

நீளம்: தாடையா, தலையா?

தொடக்க நிலையில் தாடை உயரம் என்பார்கள். தேர்ந்தவர்களுக்கு மூக்கிலிருந்து உச்சந்தலை வரை, சில சமயம் அதற்கும் சில சென்டிமீட்டர் மேலே. இதை ராக்கரோடு சேர்த்துப் படிக்கணும். முனைகள் தூக்கிய ஸ்கீயில் பனியைத் தொடும் எட்ஜ் குறைவு. அதனால் 180 செ.மீ ராக்கர் ஸ்கீ, காலுக்குக் கீழே அதைவிடக் குட்டையாகத்தான் தெரியும்.

உதாரணத்துக்கு, 175 செ.மீ உயரம், 75 கிலோ எடை, தேர்ந்த நிலை. ராக்கர் குறைவான 86 மி.மீ ஸ்கீ என்றால் 172 முதல் 178 செ.மீ. இரு முனையும் தூக்கிய 98 மி.மீ ஸ்கீ என்றால் 177 முதல் 184. மோகலும் மரங்களும் பிடித்தால் இந்த வரம்பின் கீழ்ப்பக்கம். திறந்த சரிவும் வேகமும் பிடித்தால் மேல்பக்கம். இரண்டு நீளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், உங்கள் எடையும் வேகமும் முடிவு சொல்லட்டும்.

பைண்டிங்: கஞ்சத்தனம் வேண்டாம்

ஸ்கீயையும் பூட்டையும் இணைப்பது பைண்டிங். விழும்போது காலை விடுவிப்பதும் அதுதான். வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்க.

ஒன்று, பிரேக்கின் அகலம். ஸ்கீயின் இடுப்பை விடக் குறைவாக இருந்தால் பிரேக் கீழே இறங்காது. ரொம்ப அகலமாக இருந்தால் சாய்க்கும்போது பனியில் இழுபடும். இடுப்பை விட 15 மி.மீ வரை கூடுதலாக இருக்கலாம்.

இரண்டு, பூட்டின் அடிப்பாகம். பழைய தட்டையான ஆல்பைன் சோல், நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் சோல், மலையேற்றத்துக்கான டூரிங் சோல் என்று வகைகள் உண்டு. எல்லா பூட்டும் எல்லா பைண்டிங்குக்கும் பொருந்தாது. தப்பான ஜோடி, விடுவிக்க வேண்டிய நேரத்தில் விடாமல் போகலாம்.

மூன்று, விடுவிப்பு எண். டின் என்று சொல்வார்கள். உங்கள் எடை, உயரம், வயது, பூட் சோலின் நீளம், ஓட்டும் விதம் எல்லாவற்றையும் அட்டவணையில் பார்த்து டெக்னீஷியன் வைக்க வேண்டிய எண் அது. நண்பரின் எண்ணைக் காப்பி அடிப்பதோ, ஸ்க்ரூடிரைவர் வைத்து நீங்களே ஏற்றுவதோ கூடவே கூடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான பைண்டிங்குகள் கால் எலும்பு முறிவைத் தடுப்பதை மனதில் வைத்து உருவானவை. முழங்காலின் ஏசிஎல் கிழிவதை எல்லா விழுதலிலும் அவற்றால் தடுக்க முடியாது. கபடி, ஃபுட்பால் பார்ப்பவர்களுக்கு அந்தக் காயத்தின் விலை என்னவென்று தெரியும். அதனால்தான் கெட்டிப் பனிக்குத் தேவையில்லாத அகலம் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

வாங்கும் முன் ஓட்டிப் பாருங்க

பல மலைகளில் டெமோ ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும். அந்த வாடகையை, ஸ்கீ வாங்கினால் விலையில் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. ஒரே நாளில், ஒரே பாதையில், இரண்டு மூன்று ஸ்கீயை மாற்றி மாற்றி ஓட்டுங்க. முதலில் சமப்படுத்திய பாதையில் நடுத்தர வளைவு. அடுத்தது அதே பாதையில் குட்டி வளைவுகள். பிறகு குழம்பிய பனியும் மோகலும். கடைசியாகக் கொஞ்சம் வேகம். முக்கியமாக, சோர்ந்த பிறகும் ஒரு ரவுண்டு ஓட்டுங்க. காலையில் எல்லா ஸ்கீயும் நல்ல ஸ்கீதான். கால் தளர்ந்த பிறகும் பேச்சைக் கேட்பதுதான் உங்கள் ஸ்கீ.

டெமோவில் பிடிக்கவில்லை என்றால், எட்ஜைத் தடவிப் பார்த்த பிறகு தீர்ப்பு சொல்லுங்க. மழுங்கிய எட்ஜ் நல்ல ஸ்கீக்கும் கெட்ட பெயர் வாங்கிக்கொடுக்கும். அடிப்பக்கம் 1 டிகிரி, பக்கவாட்டில் 2 டிகிரி என்பது பொதுவாக வைக்கிற சாணை. பனிக்கட்டி போன்ற தரைக்குப் பக்கவாட்டில் 3 வரை போவார்கள்.

பட்ஜெட் டிப்ஸ்

பூட் சரியாக இல்லையென்றால் ஸ்கீயை விடுங்க, முதலில் பூட்டை மாற்றுங்க. கால் பூட்டுக்குள் நழுவினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கீயும் உங்கள் பேச்சைக் கேட்காது.

போன வருட மாடல், பல சமயம் இந்த வருட மாடலின் வேறு பெயின்ட் மட்டும்தான். சீசன் முடிகிற மாதங்களில் விலை நன்றாகக் குறையும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் நான்கு இடம் பாருங்க. எட்ஜில் விரிசல், அடிப்பக்கத்தில் உள்மரம் தெரியும் பள்ளம், பக்கவாட்டில் அடுக்குகள் பிரிந்திருக்கிறதா, பைண்டிங்குக்காக எத்தனை முறை துளை போட்டிருக்கிறார்கள். பழைய பைண்டிங்காக இருந்தால், அது உற்பத்தி நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று கடையில் கேளுங்க. பட்டியலில் இல்லாததைக் கடைகள் பொதுவாகத் தொட மாட்டார்கள்.

ஸ்கீ தராத ஒன்று

அகலமான ஸ்கீ, நேற்று வரை போக முடியாத இடத்துக்கு இன்று உங்களைக் கூட்டிப்போகும். பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவது அதன் வேலை இல்லை. 2023 பிப்ரவரியில் குல்மார்க்கின் அஃபர்வாட் சரிவில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்தைச் சேர்ந்த இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அதே குல்மார்க்கில் ஒரு ரஷ்யர். இயந்திரம் ஓடாத, கண்காணிக்காத பனியில் இறங்குவதாக இருந்தால் டிரான்ஸ்சீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி வேண்டும். கூடவே ஆள் வேண்டும். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்திருக்க வேண்டும். 105 மி.மீ ஸ்கீக்கு காசு இருக்கிறது, இதற்கு இல்லை என்றால், 90 வாங்கிக்கொண்டு பாதையிலேயே இருங்க.

அப்போ எதை வாங்குறது?

ஒரு பேப்பர் எடுங்க. போன சீசனில் எத்தனை நாள் மலைக்குப் போனீர்கள் என்று எழுதுங்க. அதில் எத்தனை நாள் கெட்டிப் பாதை, எத்தனை நாள் குழம்பிய பனி, எத்தனை நாள் நிஜமான பவுடர் என்று பிரிச்சுப் பாருங்க. போக நினைத்த நாள்களை எண்ணாதீங்க, போன நாள்களை மட்டும். பன்னிரண்டில் ஒன்பது நாள் கெட்டிப் பாதை என்றால், உங்கள் ஸ்கீ 90-க்குக் கீழே. பாதிக்குப் பாதி என்றால் 95-ஐச் சுற்றி. பெரும்பாலும் புதுப்பனி என்றால் 100-ஐத் தாண்டுங்க. இடுப்பு முடிவானதும் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும்: ராக்கர், விறைப்பு, நீளம், பைண்டிங்.

வருஷத்துக்கு ஒரு முறை வருகிற அந்தக் கனவுப் பவுடர் நாளுக்கு என்ன பண்றது? அன்னிக்கு மட்டும் அகலமான ஸ்கீயை வாடகைக்கு எடுங்க. சொந்தமாக வாங்குவது, வழக்கமான சனிக்கிழமைக்கு!